சுவரா, காடா, ரோந்துக் கப்பலா, இடமாற்றமா: கடல் ஏறும் கரைக்கு எது முதலில்?

1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. 2006-க்குப் பிறகு அந்த வேகம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. ஆகிவிட்டது. தாழ்வான கடலோரங்களில் சுமார் 68 கோடிப் பேர் வாழ்கிறார்கள். இதையெல்லாம் மறுப்பவர்கள் இன்று அதிகம் இல்லை. முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவரை வாட்டும் கேள்வி வேறு: கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், எதை முதலில் செய்வது?

பொறியாளர்கள் அலைத்தடுப்புச் சுவர் கேட்பார்கள். வனத் துறை அலையாத்திக் காடு வளர்க்கலாம் என்னும். காவல்படைக்கு ரோந்துக் கப்பல் வேண்டும். நிதிக் கணக்குப் பார்ப்பவர்களோ, மக்களை உள்ளே தள்ளிக் குடியமர்த்திவிட்டால் செலவு ஒரே தடவையோடு போகும் என்பார்கள். நான்கு பேரும் தங்கள் திட்டத்தைப் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லால்தான் அழைக்கிறார்கள்.

இவற்றை ஒப்பிட நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் எளிமையானது. திட்டம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் மீனவர் தன் படகைக் கடலில் இறக்க முடியுமா, முடியாதா?

இது இரக்கத்தால் வந்த அளவுகோல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சிறு படகுகள் தினமும் போய்வரும் கடலில் கள்ளத்தனம் செய்வது கடினம். வெளியாள் இழுவைப்படகு நுழைந்தாலும், அடையாளம் தெரியாத படகு இருட்டில் நின்றாலும், முதலில் பார்ப்பவர் அங்கே வலை விட்டிருப்பவர்தான். படகு கவிழ்ந்தால் முதலில் கை கொடுப்பதும் பக்கத்துப் படகுதான். அந்தப் படகுகள் கரையேறிவிட்டால் அந்தக் கண்கள் போய்விடும். தொழில் போன இளைஞர்களைத் தேடிக் கடத்தல்காரர்கள் வருவார்கள். சோமாலியாவில் 1991-இல் அரசு சரிந்தபின் அதன் கடலில் அந்நிய இழுவைக் கப்பல்கள் கேட்பாரின்றி மீனை வாரிக்கொண்டு போயின. ஆயுதம் எடுத்தவர்களில் மீனவர்களும் இருந்தார்கள். பின்னாளில் அது பணயத்தொகை பறிக்கும் கொடிய தொழிலாகவே மாறி, பல நாடுகளின் கடற்படைகளை அங்கே இழுத்து வந்தது. அதற்குக் காரணம் காலநிலை மாற்றம் இல்லை. ஆனால் கரையில் வாழ்வு குலைந்தால் கடலில் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

சுவர்

சுவருக்கு ஒரு பெரும் கவர்ச்சி உண்டு. அது கண்ணுக்குத் தெரியும். திறப்பு விழா நடத்தலாம். புயல் வந்துபோன மறுவாரமே மக்களும் அதைத்தான் கேட்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்குள் கடல் வந்தவரிடம் பத்தாண்டுத் திட்டம் பேசினால் எப்படி எடுபடும்?

ஆனால் சுவர் என்ன செய்கிறது என்பதை நின்று பார்க்க வேண்டும். சாய்வான மணலில் ஏறும் அலை, ஏற ஏறத் தன் வலுவை இழந்து நுரையாகிவிடும். செங்குத்தான சுவரில் மோதும் அலைக்கு அந்த வாய்ப்பில்லை. முட்டித் திரும்பும்போது சுவரின் காலடி மணலைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகும். கடல்மட்டம் உயரும்போது மணற்கரை இயல்பாகவே கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தை நோக்கி நகரும், அதற்கும் பின்னால் இடம் இல்லை. இரண்டும் சேர்ந்து, சில ஆண்டுகளில் சுவருக்கு முன்னால் கரை என்ற ஒன்றே இல்லாமல் போகும். வீடு மிஞ்சும். படகை இழுத்து வைக்க, வலையை விரித்துச் செப்பனிட, மீனைக் காயவைக்க, ஏலம் போட இருந்த மணல் மிஞ்சாது. அந்த ஊர்க்காரர் இனித் தொலைவில் இருக்கும் துறைமுகத்தில் படகை விட்டுவிட்டுப் போய்வர வேண்டும். அதற்கு எரிபொருளும் நேரமும் வாடகையும் யார் கணக்கிலும் வராது. கொஞ்ச காலத்தில் சிறு படகுக்காரர் தொழிலை விட்டுவிடுவார்.

கரையிலிருந்து கடலுக்குள் கல்லால் நீட்டும் தூண்டில் வளைவும் இதே சங்கதிதான். கரையோரம் ஓடும் நீரோட்டம் மணலை ஒரு திசையில் சுமந்துகொண்டே போகிறது. குறுக்கே கல்லைக் கொட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராது. இந்த ஊர் தப்பிக்கும், அடுத்த ஊர் அரிபடும். பிறகு அந்த ஊரும் வளைவு கேட்கும், அதற்கடுத்த ஊர் அரிபடும். ஒரு கடற்கரை முழுவதையும் இப்படிக் கல்லால் தைத்துவிட்ட பிறகும் அரிப்பு நின்றிருக்காது, கடைசி வளைவுக்கு அப்பால் போயிருக்கும்.

சுவரே கூடாது என்று சொல்ல மாட்டேன். மாலத்தீவின் தலைநகர் மாலே 1987-இல் பேரலைகளால் மூழ்கியபின், ஜப்பானின் உதவியோடு தீவைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொண்டது. இடுக்கு விடாமல் வீடுகள் நிறைந்த அந்தச் சிறு தீவுக்கு வேறு வழி இருக்கவில்லை. துறைமுகங்களும் அப்படித்தான். உலக வணிகத்தில், சரக்கின் அளவைக் கொண்டு பார்த்தால், ஐந்தில் நான்கு பங்கு கடல்வழியாகப் போகிறது. துறைமுகத்தை எழுப்பி வேறு இடத்தில் வைக்க முடியாது, அதைச் சுவர் கட்டித்தான் காக்க வேண்டும்.

நெதர்லாந்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1953 வெள்ளத்தில் அங்கே 1,836 பேர் இறந்தார்கள். பிறகு தலைமுறைக் கணக்கில் அணையும் தடுப்பும் கட்டினார்கள். ராட்டர்டாம் துறைமுக வாய்க்காலில் 1997-இல் முடிந்த மேஸ்லான்ட் தடுப்பு, எந்நேரமும் திறந்தே கிடக்கும் இரு பெரும் கதவுகள். கடல் பொங்கும்போது மட்டும் மூடும், மற்ற நாளெல்லாம் கப்பல் போகும். அதே நாடு 2011-இல் ஒரு கடற்கரையில் சுவர் கட்டாமல் 2.15 கோடி கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டியது. அலையும் காற்றும் நீரோட்டமும் அதைக் கரை நெடுகப் பரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். உலகிலேயே அதிகம் சுவர் கட்டிப் பழகியவர்கள் முடிந்த இடத்தில் மணலுக்கு மாறுகிறார்கள் என்றால், கையில் காசு குறைந்தவர்கள் அதைக் கவனிக்க வேண்டாமா?

காடு

அலையாத்தி என்ற பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது, அலையை ஆற்றுவது. 100 மீட்டர் அகலக் காடு, அதன் அடர்த்தியைப் பொறுத்து, அலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கும் என்று அளந்திருக்கிறார்கள். புயலோடு ஏறும் கடல்பெருக்கைக் குறைப்பதில் அது அவ்வளவு வல்லதில்லை. ஒரு கிலோமீட்டர் காட்டுக்கு 5 முதல் 50 செ.மீ. வரைதான் குறையும். ஆக, மெல்லிய பட்டையாக நட்டுவிட்டு ஊரைக் காக்கும் என்று நம்பக் கூடாது.

என் அளவுகோலில் காடு வெல்லும் இடம் வேறு. காட்டின் ஊடே ஓடும் கால்வாய்கள் படகுக்கு வழிவிடுகின்றன. புயல் நேரத்தில் படகை உள்ளே கொண்டுபோய்க் கட்டலாம். இறாலும் நண்டும் பல வகை மீன்குஞ்சும் வேர்களுக்கு இடையே வளர்கின்றன. சுவர் தொழிலைத் தின்னும், காடு தொழிலுக்குத் தீனி போடும். கென்யாவின் காசி விரிகுடாவில் 2013 முதல், ஊர் மக்களே காட்டைக் காத்து, அது சேமிக்கும் கார்பனுக்கான சான்றிதழ்களை விற்று, வரும் பணத்தைப் பள்ளிக்கும் குடிநீருக்கும் செலவிடுகிறார்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். அலை நேராக அறையும் திறந்த மணற்கரையில் இந்த மரம் நிற்காது. சேறும், ஏறி வற்றும் ஓதமும் உள்ள ஒதுக்கமான இடம்தான் அதற்கு ஏற்றது. பிலிப்பைன்ஸில் கன்று எண்ணிக்கையைக் காட்டுவதற்காக, நீர் வற்றவே வற்றாத தாழ்ந்த சேற்றுத் திட்டுகளில் நட்டதில் பெரும்பாலானவை மடிந்தன. அங்கே காடு நிற்க வேண்டிய சற்று உயர்ந்த இடங்களை மீன்பண்ணைகள் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த உரிமைச் சிக்கலைத் தொட யாருக்கும் துணிவு வரவில்லை. இந்தோனேசியாவின் தெமாக் கரையில் கொம்பும் மிலாறும் கட்டி வேலி அமைத்துச் சேறு படியவைத்தார்கள். முறை நல்ல முறை. ஆனால் நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் அங்கே நிலமே அமிழ்ந்துகொண்டிருக்கிறது. கடல் மேலேறும் வேகத்தைவிட நிலம் கீழிறங்கும் வேகம் கூடுதலாக இருக்கும் ஊரில், ஆழ்குழாய்க் கிணறுகளைக் கட்டுப்படுத்தாமல் கரையில் செய்யும் எந்த வேலையும் பாதி வேலைதான்.

இடமாற்றம்

ஃபிஜியின் வுனிதோகோலோவா கிராமம் 2014-இல் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனது. ஊராரே கேட்டு, தங்கள் குலத்துக்குச் சொந்தமான மேட்டு நிலத்துக்கே போனார்கள். கடலும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அலாஸ்காவின் நியூடாக் மக்கள் 2019-இல் மெர்ட்டார்விக்குக்கு இடம்பெயரத் தொடங்கினார்கள். அதற்கு முன் புது இடத்துக்கும் அனுமதிக்கும் பணத்துக்கும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைந்தார்கள். பனாமாவின் கார்டி சுக்டுப் தீவிலிருந்து 2024 ஜூனில் ஏறத்தாழ 300 குடும்பங்களுக்கு எதிர்க்கரையில் வீடு கிடைத்தது. சிலர் தீவிலேயே தங்கிவிட்டார்கள். அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள ஐல் டி ஜான் சார்லஸ் தீவின் நிலத்தில் 1955-க்குப் பிறகு 98 சதவீதம் போய்விட்டது. அந்த மக்களுக்காக 2016-இல் 4.83 கோடி டாலர் ஒதுக்கினார்கள். புது ஊர் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே அமைந்தது.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், செலவுக் கணக்கில் மலிவாகத் தெரியும் இடமாற்றம் உண்மையில் ஒரு தலைமுறைக் காலத்தைத் தின்னும் வேலை என்பது புரியும். போகும் இடம் யாருடைய நிலம், கடல் எவ்வளவு தூரம் என்ற இரண்டுக்கும் பதில் இருந்தால் ஊர் ஊராகவே போகும். இல்லையென்றால் குடும்பங்கள் தனித்தனியாக நகரத்துக்குச் சிதறும்.

நாடே இடம்பெயர நேர்ந்தால் அதற்கு இன்னொரு விலையும் உண்டு. பசிபிக் தீவு நாடான துவாலுவும் ஆஸ்திரேலியாவும் 2023 நவம்பரில் ஒப்புக்கொண்ட ஃபலேபிலி உடன்படிக்கை, ஆண்டுக்கு 280 துவாலு மக்களுக்கு ஆஸ்திரேலியாவில் வாழ வழி திறந்தது. சுமார் 11,000 பேர் உள்ள நாட்டுக்கு அது சிறிய எண் இல்லை. அதே உடன்படிக்கைப்படி, துவாலு வேறு எந்த நாட்டோடும் பாதுகாப்பு ஏற்பாடு செய்துகொள்ள ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். உயரும் கடல் ஒரு நாட்டின் வெளியுறவு முடிவுக்குள் எப்படி நுழைகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். துவாலுவைக் குறை சொல்வதற்கில்லை. வேறு யாரும் அந்தக் கதவை இவ்வளவு அகலமாகத் திறக்கவில்லை. அதே துவாலு, தலைநகர்த் தீவான ஃபுனாஃபுட்டியில் ஏழு ஹெக்டேருக்கு மேல் நிலத்தைக் கடலிலிருந்து மேடாக்கி எழுப்பியும் இருக்கிறது. போக வழி வைத்துக்கொண்டே இருக்கவும் முயல்கிறார்கள்.

ரோந்தும் மீனும்

கடல் சூடாகும்போது மீன் இடம் மாறுகிறது. எல்லைக்கோடு மாறுவதில்லை. சண்டைக்கு இவ்வளவு போதும்.

வடகிழக்கு அட்லாண்டிக்கில் 2000-களின் பிற்பகுதியில் மக்கரல் மீன் கூட்டம் வடமேற்காக ஐஸ்லாந்து, ஃபாரோ தீவுகளின் கடலுக்குள் பெருவாரியாகப் பரவியது. அவர்கள் தங்கள் பங்கைத் தாங்களே உயர்த்திக்கொண்டார்கள். பழைய பங்காளிகள் குறைத்துக்கொள்ள மறுத்தார்கள். இதே போன்ற ஹெர்ரிங் மீன் பங்குச் சண்டையில், 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஃபாரோ தீவுகளின் மீது வணிகத் தடையே விதித்தது; அது மக்கரலையும் தொட்டது. எல்லோரும் சேர்ந்து பிடித்த மக்கரலின் அளவு அறிவியலாளர்கள் பரிந்துரைத்ததைத் தொடர்ந்து தாண்டியது. இத்தனைக்கும் இவர்கள் நட்பு நாடுகள். எல்லோரிடமும் நல்ல ரோந்துக் கப்பல்கள் இருந்தன. பங்கு பிரிக்கும் ஒப்பந்தம் மட்டும் இல்லை. அது இல்லாத இடத்தில் ரோந்து எவ்வளவு கூடினாலும், மீனைத் துரத்திக் கோட்டைத் தாண்டும் ஏழை மீனவரைப் பிடிக்கத்தான் அது பயன்படும்.

பசிபிக் தீவு நாடுகள் வேறு வழி போனார்கள். சூரை மீன் பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு, எத்தனை நாள் பிடிக்கலாம் என்று நாள் கணக்கில் அனுமதி விற்கும் முறையை 2007 முதல் கூட்டாக நடத்துகிறார்கள். சூரை எந்த நாட்டின் கடலில் கூடினாலும், அந்த நாள்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம். கண்காணிப்பையும் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹொனியாராவில் உள்ள ஒரே மையத்திலிருந்து சேர்ந்து செய்கிறார்கள். இதற்கும் எல்லை உண்டு. புவியைச் சூடாக்கும் வாயுக்களின் வெளியேற்றம் மிகுந்தே போனால் 2050-க்குள் பத்துப் பசிபிக் தீவு நாடுகளின் கடலில் சூரையின் அளவு சராசரியாக 13 சதவீதம் குறையக்கூடும் என்று ஓர் ஆய்வு கணித்தது. மீன் கிழக்கே, யாருக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலுக்குப் போய்விடும். அப்போது அவர்கள் நம்பியிருக்கப்போவது கப்பலையா, ஒப்பந்தத்தையா? ஒப்பந்தத்தைத்தான்.

கப்பல் வாங்கத்தான் வேண்டும் என்றால், ஆழம் குறைந்த நீரில் போகக்கூடிய, குடிநீரும் மருத்துவரும் ஏற்றிச் செல்லக்கூடிய கப்பலாக வாங்குங்கள். காவல்படைக்கு வருங்காலத்தில் துப்பாக்கி வேலையைவிட மீட்பு வேலைதான் அதிகம் இருக்கப்போகிறது.

யாரும் கேட்காத இரண்டு

நான்கு துறையும் கேட்காத இரண்டு வேலைகளைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன்.

ஒன்று, எல்லைக்கோட்டைக் காகிதத்தில் நிலைநிறுத்துவது. கடல் சட்டத்தின்படி ஒரு நாட்டின் கடல் உரிமை, ஓதம் வற்றிய கோட்டிலிருந்து அளக்கப்படுகிறது. நடுக்கடலில் தன்னந்தனியாக நிற்கும் ஒரு சிறு தீவைச் சுற்றி 200 கடல் மைலுக்கு வட்டம் போட்டால், ஏறத்தாழ 4,31,000 சதுர கிலோமீட்டர் கடல் கிடைக்கும். தீவு மூழ்கினால் அது என்ன ஆகும்? நிலமும் சண்டையும் சேர்ந்து போன ஒரு தீவு வங்காள விரிகுடாவில் உண்டு. 1970 புயலுக்குப் பின் எழுந்த அந்தத் திட்டை இந்தியா நியூ மூர் என்றது, வங்கதேசம் தெற்கு தல்பட்டி என்றது. கொடியும் ஏறியது. 2010 வாக்கில் திட்டையே காணோம். கடல் எல்லையை 2014-இல் நடுவர் மன்றம் தீர்த்துவைத்தது.

பசிபிக் தீவு நாடுகள் 2021 ஆகஸ்டில், தாங்கள் ஒருமுறை முறைப்படி அறிவித்த கடல் எல்லை, கரை சுருங்கினாலும் சுருங்காது என்று கூட்டாக அறிவித்தன. 2025 ஜூலை 23 அன்று அனைத்துலக நீதிமன்றம் தன் கருத்துரையில், அவ்வாறு நிறுவிய வரைபடத்தையும், இடத்தைக் குறிக்கும் ஆயங்களையும் கடல்மட்ட உயர்வுக்காகத் திருத்த வேண்டிய கடமை நாடுகளுக்கு இல்லை என்றது. ஆக, அளந்து, வரைந்து, ஐ.நா.விடம் இன்றே ஒப்படைத்துவிட்டவருக்குப் பிடிமானம் உண்டு. ஒரு ரோந்துக் கப்பலின் விலையோடு ஒப்பிட்டால் நில அளவையருக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

இரண்டு, முன்னெச்சரிக்கை. வங்காள விரிகுடாவின் 1970 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டார்கள். 2007-இல் வங்கதேசத்தைத் தாக்கிய சித்ர் புயலும் மிகக் கடுமையானது, இறந்தவர்கள் சுமார் 3,400. அந்தக் கரையில் மண்ணணைகளும் உண்டு என்றாலும், உயிரிழப்பு இவ்வளவு குறைந்ததற்கு அவை மட்டும் காரணமில்லை. ஒலிபெருக்கியோடு சைக்கிளில் போன தொண்டர்கள், புயல் காப்பகங்கள், வானொலி, இவையும் வந்தன. மீனவர் கேட்கும் மொழியில், ஒருநாள் முன்னதாக, கடலில் இருப்பவருக்கும் எட்டும்படி எச்சரிக்கை போவதற்கு நிகரான கடல் பாதுகாப்புச் செலவு வேறெதுவும் இல்லை.

ஆகவே என் வரிசை இது. எல்லை ஆவணமும் எச்சரிக்கையும் இந்த ஆண்டே. மீன்பங்கு பற்றிய பேச்சையும், அலையாத்திக்கு ஏற்ற சேற்றுக்கரையின் நில உரிமைச் சிக்கலைத் தீர்ப்பதையும் அதோடு சேர்த்தே தொடங்க வேண்டும். சுவர், துறைமுகத்துக்கும் நெருக்கமான நகரத்துக்கும் மட்டும். மணற்கரை ஊர்களுக்கு மணலே போகட்டும். கப்பல் அதற்குப் பிறகு. இடமாற்றத்தை ஊர் கேட்கும்வரை நடத்தக் கூடாது, ஆனால் அதற்கான மேட்டு நிலத்தைக் கடலுக்கு எட்டிய தூரத்தில் இப்போதே வாங்கி ஊரின் பெயருக்கு எழுதிவைக்க வேண்டும்.

இந்த வரிசையை நிரந்தரமானது என்று சொல்ல மாட்டேன். கடல் ஆண்டுக்கு 6 அல்லது 7 மி.மீ. என்ற வேகத்தைத் தாண்டினால், அலையாத்தி வேர்கள் சேற்றைப் பிடித்துத் தம்மைத் தாமே உயர்த்திக்கொள்ளும் வேகம் போதாமல் போகும் என்பது பழைய சேற்றுப் படிவுகளை ஆராய்ந்தவர்களின் முடிவு. நிலம் அமிழும் சில கரைகள் இப்போதே அந்த வேகத்தைக் கடந்துவிட்டன. அங்கே காட்டை நம்பிக் காத்திருக்க நேரமில்லை, எழுதிவைத்த மேட்டு நிலத்துக்குப் பாதை போடத் தொடங்கிவிட வேண்டும். அந்தப் பாதை படகை இழுத்துச் செல்லும் அகலத்தில் இருக்கட்டும்.